பேச்சியக்கா கிணற்று இன்ஜினும் நீண்டுபோன மூன்று போல்ட்டுகளும்

பேச்சியக்காவின் இன்ஜின் மூன்றாவது தடவையாக ஹெட் காஸ்கட்டை ஊதித் தள்ளிய பிறகுதான் என்னைக் கூப்பிட ஆள் வந்தது. ஹெட் என்கிற இன்ஜின் தலைமூடிக்கு அடியில் நெருப்பும் தண்ணீரும் கசியாமல் அடைக்கும் தகடுதான் காஸ்கட். அதற்கு முன்னால் வேறு இரண்டு மெக்கானிக்குகள் காஸ்கட் மாற்றிப் பார்த்திருந்தார்கள். முதலிலேயே என்னிடம் வந்திருந்தால் இதை எழுதவே வேலை இருந்திருக்காது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வரை நான் கைவைத்து ஓடாத இன்ஜின் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அக்காவுக்குச் சேவுகம்பட்டிப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த பட்டாளத்து லாரி இன்ஜினைக் கிணற்று மேட்டில் பம்போடு மாட்டியிருந்தார். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. அது நின்றுபோனதால் கொழுந்தனாரின் கமலை மாட்டை இரவல் வாங்கி இறைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் பாதிக் கொடிக்குத்தான் எட்டியது. மீதிப் பாதியில் இலை வெளிறத் தொடங்கிவிட்டது.

நான் போனதும் ஒரு துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே பதினான்கு புது ஹெட் போல்ட்.

"நம்ம சவரிமுத்து லேத்துல சொல்லிச் செஞ்சது அப்பு. பழசத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டு இத மாட்டு."

"மொதல்ல பழசப் பாத்துக்கிறேன்க்கா."

"பழசுல என்னத்தப் பாக்கப்போற? பொண்ணா பாக்க வந்திருக்க?"

1. வாழைத் துண்டில் குத்திய வரிசை

கழற்றிய போல்ட்டைத் தகரத்தில் மொத்தமாகக் கொட்டுவது என் பழக்கம் இல்லை. எது எந்த ஓட்டையில் இருந்ததோ அதே வரிசையில் வைக்க வேண்டும். குத்தி வைக்க அங்கே அட்டை கிடைக்கவில்லை. வெட்டிக் கிடந்த வாழை மரத்துண்டில் இன்ஜினில் இருந்தபடியே குத்தி வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக உருவித் துடைத்து, நல்ல நட்டு ஒன்றை விரலால் ஓட்டிப் பார்த்தேன். போல்ட்டின் மரைச் சுற்று சரியாக இருந்தால் நட்டு கடைசி வரை வழுக்கிக்கொண்டு போகும். போல்ட் இழுபட்டிருந்தால் மரையின் இடைவெளி அகன்றுபோய் நட்டு பாதியில் பிடிக்கும்.

பதினொன்றில் நட்டு சுகமாக ஓடியது. மூன்றில் பிடித்தது. அந்த மூன்றும் ஒரே பக்கம், அடுத்தடுத்த ஓட்டை. காஸ்கட் கருகியிருந்ததும் அதே இடம்.

அக்காவின் புது போல்ட்டையும் விடவில்லை. ஒரு குழாய்த் துண்டுக்குள் விட்டு, மறுமுனையில் நட்டுப் போட்டு முறுக்கினேன். நல்ல போல்ட் ஒரு கட்டத்தில் கையை எதிர்த்து நிற்கும். இது எதிர்க்கவே இல்லை. மெழுகு மாதிரி வந்துகொண்டே இருந்தது.

"இது ஆகாதுக்கா. பச்சை இரும்பு."

"என்னப்பு, இம்புட்டு மினுமினுன்னு இருக்கு?"

"மினுக்கட்டும். ஹெட்ட அமுக்கிப் பிடிக்கணுமே?"

2. சுவர்ப் பக்கம்

பழசு மூன்று ஆகாது, புதுசு பதினான்கும் ஆகாது. எனக்கோ அந்த மூன்று மட்டும் ஏன் நீண்டது என்பதுதான் குடைந்தது. எல்லாம் ஒரே இன்ஜினில் ஒரே சூட்டில் வெந்தவைதானே? இன்ஜினைச் சுற்றி வந்தேன். மறுபக்கம் சுற்ற முடியவில்லை. ஷெட்டின் சுவர் இடித்தது. அந்தச் சுவரோர வரிசையைக் கழற்றும்போது ஸ்பேனரை இம்மி இம்மியாகத்தான் திருப்ப முடிந்தது. அப்படியும் அவை லேசாகவே கழன்று வந்தன.

"அக்கா, ஹெட்டுல தண்ணி கசிஞ்சா யாரு முறுக்குவா?"

"நாந்தான். ஸ்பேனர்ல நீளக் கொழாயச் சொருகி ஒரே அழுத்து."

"இந்தப் பக்கம் மட்டுமா?"

"அந்தப் பக்கம் எங்க கொழா போகும்? ஒழுகுனா முறுக்காம, பின்ன முத்தமா குடுப்பாக?"

விஷயம் விளங்கிவிட்டது. முறுக்க வேண்டிய பக்கம் தளர்ந்து கிடக்க, கைக்கு எட்டிய பக்கம் அடி வாங்கி அந்த மூன்றும் நீண்டிருக்கின்றன. போல்ட் என்பது ஒரு வகையில் ஸ்பிரிங். இழுத்தால் திரும்பிச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்பில்தான் ஹெட் நிற்கிறது. அளவுக்கு மேல் இழுத்தால் நீண்டது நீண்டதுதான்.

லாரியில் முறிந்த ஆக்சில் ஷாஃப்ட் துண்டு ஒன்று என் பட்டறையில் கிடந்தது. அதைத் திண்டுக்கல் லேத்துக்குத் தூக்கிப் போனேன். மூன்று போல்ட் கடைவதற்குள் சவரிமுத்து கத்தித் தீர்த்துவிட்டார்.

"ஏலே, இது இரும்பா எமனா? என் டூல் பூராம் மழுங்கிப்போச்சு!"

"மெழுகுல போல்ட் செஞ்ச ஆளுதான நீரு? இன்னைக்கு இரும்பு எப்படி இருக்கும்னு பாத்துக்கிரும்."

"அந்தம்மா பளபளன்னுதான கேட்டுச்சு, உறுதியா வேணும்னா கேட்டுச்சு?"

சேவுகம்பட்டிக்குத் திரும்பி, புது காஸ்கட் விரித்து ஹெட்டை வைத்தேன். முறுக்குவதற்கு முன் அக்காவிடம் கறாராகச் சொன்னேன்: "சுவர்ப் பக்கத்துல ஸ்பேனர் சுத்த எடம் இல்லேன்னா நான் மாட்ட மாட்டேன். எந்தப் போல்ட்டப் போட்டாலும் மறுபடி ஊதும்."

அக்கா வெளிறிய கொடியை ஒரு பார்வை பார்த்தார். கடப்பாறையை எடுத்து அவரே சுவரில் இறக்கினார். செத்த நேரத்தில் ஆள் நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது.

நடுவில் தொடங்கி வெளியே போகும்படி, மூன்று சுற்றாக, எல்லாப் போல்ட்டையும் ஒரே கை அழுத்தத்தில் முறுக்கினேன். இன்ஜினைக் கொஞ்சம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தேன். கசிவு இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் ஏறியது. கொடி பிழைத்தது.

இப்போது சில வண்டிகளில் ஒரு தடவை முறுக்கிய போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது என்கிறார்கள். கம்பெனி சொன்னால் மறுபேச்சில்லாமல் மாற்றுங்கள். மற்றபடி பழசா புதுசா என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நட்டை விரலால் ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் தூக்கிப் போடுங்கள். ஆனால் அது ஏன் நீண்டது என்று தெரியாமல் புதுசை மாட்டாதீர்கள், அதையும் நீட்டிவிடுவீர்கள்.