சேராத உள்ளங்கை

மகன் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை என் அக்காவுக்கு. எங்கள் வழக்கம் அது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, கையெடுத்துக் கும்பிட்டு அழைக்க வேண்டும். அரிமளத்துக்குப் போனோம். நான் கும்பிட்டேன். பக்கத்தில் என் மனைவி விரல் நுனியை மட்டும் சேர்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா தாம்பாளத்தைத் தொடவில்லை.

“என்னடா, ஒம் பொண்டாட்டி நுனி விரல்ல கும்பிடுறா? மாமியாராகப் போறோம்னு இப்பவே மெதப்பா?”

“கை படிய மாட்டேங்குது மதினி” என்றாள் என் மனைவி.

“ஏன், உரல்ல மாட்டிக்கிச்சா?”

நான் வாயைத் திறக்கவில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் அவளைத்தான் திட்டினேன். “இருக்கிறது ஒரே அக்கா. அவ வராம என்ன கல்யாணம்?” அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. டப்பா மூடி திறக்க, ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்ட என்னைக் கூப்பிடுவாள். கிழவியாகிவிட்டாய் என்று சிரித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் மாத்திரைக்காகப் புதுக்கோட்டை போனோம். டாக்டரம்மா அவள் விரலைப் பார்த்துவிட்டு, “கும்பிடுங்கம்மா” என்றார். விரல் நுனி தொட்டது. மணிக்கட்டு தொட்டது. நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் போகும். விரலின் மேல்தோலைக் கிள்ளிப் பார்த்தார். பிடிக்கு வரவில்லை. மெழுகுபோல் இறுகியிருந்தது.

“தோலையும் மூட்டையும் புடிச்சு வச்சிருக்கிறது கொலாஜன்னு ஒரு நாரு. ரத்தத்துல சர்க்கரை ரொம்ப நாள் கூடுதலா இருந்தா அது அந்த நாருல ஒட்டிக்கும். நாரு வெறச்சிடும். பெருசா வலி இருக்காது, அதான் யாரும் கண்டுக்கிறதில்ல. சர்க்கரையக் குறைங்க, விரலுக்குப் பயிற்சி குடுங்க.”

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

மறுநாள் அதே தாம்பாளத்தோடு நான் மட்டும் அரிமளம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“நான் நாத்தனா. தெரியாமப் பேசிப்புட்டேன். நீ கூடவே இருக்கிறவன். ஒனக்குமாடா தெரியல?”

தாம்பாளத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் என் மனைவி அப்படியேதான் கும்பிட்டாள். அக்கா அவளை ஒட்டி நின்றுகொண்டு, “சர்க்கரைங்க, அவளுக்குக் கை அம்புட்டுத்தான் கூடும். உள்ள போங்க, சாப்புடுங்க” என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதை நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே, அக்கா வீட்டிலேயே.