தள்ளிப்போட்ட இரண்டு நிமிடம்

அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு 'ரீஸ்டார்ட் அக்கா' என்றுதான் பெயர். எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் அவளுடைய முதல் வைத்தியம் அதுதான். ஆனால் திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு இதயப் பிரிவில் யாரும் கிண்டல் செய்வதில்லை. பன்னிரண்டு படுக்கைகளின் இதயத்துடிப்பையும் ஒரே திரையில் காட்டி, ஏதாவது பிசகினால் மணியடிக்கும் கம்ப்யூட்டரை அவள் அணைத்து மறுபடி போடுவாள். அந்த இரண்டு நிமிடமும் நர்ஸுகள் நோயாளிகளின் நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

வாரம் முழுக்க ஓடினால் அதன் மெமரி துண்டு துண்டாகிவிடும். பஸ்ஸில் பத்து சீட் காலி, ஆனால் மூலைக்கு ஒன்று. குடும்பத்தோடு ஏறினவர்கள் சேர்ந்து உட்கார முடியாது. அந்த நேரத்தில் பெரிய படம் எதையாவது திறந்தால் போச்சு, கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். "எவ்வளவு காலின்னு பாக்காதீங்க, சேர்ந்தாப்ல இருக்கான்னு பாருங்க" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் அவள்.

அந்தத் திங்கட்கிழமை ஏழாம் படுக்கையில் அவள் புருஷன். முந்தின நாள்தான் இதயத்தில் ஆபரேஷன். அவன் துடிப்பு இரண்டு நிமிடம் திரையில் இல்லாமல் போவதற்கு அவளுக்கு மனம் ஒப்பவில்லை. திரையின் ஓரத்தைப் பார்த்தாள். பாதி மெமரி காலி.

"பாதி இருக்கே, ரீஸ்டார்ட்டை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டாள்.

மூன்று மணிக்கு டாக்டர் அதே கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கேன் படத்தைத் திறந்தார். வரவில்லை. சலித்துக்கொண்டு போய்விட்டார். அவள் கண் திரையில் ஏழாம் படுக்கையின் துடிப்பை விட்டு அகலவில்லை. எழுபத்திரண்டு. நல்ல எண்தான். மறுபடியும் எழுபத்திரண்டு. மூன்றாம் தடவை பார்த்தபோதுதான் திரையின் கடிகாரமும் நகரவில்லை என்று தெரிந்தது.

"ஸ்கிரீனை நம்பாதீங்க! ஆளைப் பாருங்க!" என்று அலறிக்கொண்டு ஏழாம் படுக்கைக்கு ஓடினாள்.

புருஷன் கண்ணைத் திறந்தான். "ஏன் இப்படிக் கத்தற?" என்றான்.

அதற்குள் நாலாம் படுக்கையில் ஒரு நர்ஸ் பெரியவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். திரையில் அவருக்கு இன்னும் அறுபத்தெட்டு. ஒருவழியாக மூச்சு திரும்பியது. நினைவு திரும்புமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

வெளியே பெரியவரின் மனைவி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ கவனிச்சதாலதாம்மா அவர் உசிரு தப்பிச்சுது. நீ நல்லா இருக்கணும்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"உன் வீட்டுக்காரரும் உள்ளதான் இருக்காராமே? எப்படிம்மா இருக்கார்?"

"நல்லா இருக்கார்" என்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழாதம்மா" என்று அந்த அம்மாள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.