பலகை இடுக்கில் போட்ட உப்பு

எனக்கு எழுபத்தாறு வயசு. உப்பளத்தில் உழைச்சு அஞ்சு பிள்ளைகளை வளர்த்தவள். மாடி அறையின் மரத்தரை கிறீச்சிடுதுன்னு மகன் பெருமுக்கல் ஊரிலிருந்து தச்சு ஆசாரியை வரச்சொன்னான். ஒல்லியான மனுஷர், காதில் பென்சில். செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி நடந்தே சத்தம் போடும் பலகையைக் கண்டுபிடித்தார். ஸ்குரூ முடுக்கி, பலகைகள் உரசிச் சத்தம் போடாமலிருக்க இடுக்கில் முகப்பவுடர் தூவினார்.

"தரைக்கு என்னாத்துக்குப்பா பவுடரு, பொண்ணு பார்க்க வர்றாங்களா? இந்தா, நம்ம உப்பைப் போடு."

"உப்பு ஈரம் இழுக்கும்மா. ஸ்குரூவைத் தின்னுடும்."

"உப்பளத்துக்காரிக்கே உப்பைப் பத்திச் சொல்றியா?"

அவர் சாமான்களை எடுத்துக்கொண்டார். போட்ட சோற்றையும் தொடாமல் போய்விட்டார். நானே உப்பைத் தூவினேன். மழையில் உப்பு கசியும்னு எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வீம்பு விடவில்லை. ஐப்பசியில் ஸ்குரூ துருப்பிடித்து, பலகை முன்னைவிடக் கத்துது. கூப்பிட்டோம், அவர் வரவில்லை.

பேத்தி பாப்பா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதைப் படிச்சுக் காட்டு. அவர் சொன்னதுதான் சரின்னு எழுதியிருக்கியான்னு பாரு.