கொக்கு ரீமின் ஸ்கோர் புத்தகம்

சென்ற சனிக்கிழமை காலை. அஜக்ஸ் நகரில் தவம் அண்ணையின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். இரண்டு நீளமான புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். சீற் பெல்ற் போட மறுத்தார். போட்டால் புத்தகம் நசிந்துவிடுமாம்.

"அண்ணை, 401 ஹைவேயில பொலிஸ் நிக்கும்."

போட்டார். ஆனால் புத்தகங்களைத் தூக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

அவை ஒரு பேஸ்போல் ரீமின், அதாவது அணியின், ஸ்கோர் புத்தகங்கள். அஜக்ஸிலிருந்து கிழக்கே அரைமணி நேரம் ஓடினால் வரும் சின்ன ஊர் ஒன்றில், இரண்டே இரண்டு கோடைகள் உயிரோடிருந்த ரீம். தொப்பியில் நாரையின் படம் இருக்கும். நம்மவர்கள் அதை 'கொக்கு ரீம்' என்றார்கள். முதல் கோடையில் சனம் வந்தது. இரண்டாவது கோடையில் மழை வந்தது. மூன்றாவது கோடையில் மைதானத்தின் விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே சிறுவர்கள் உதைபந்து விளையாடுகிறார்கள்.

தவம் அண்ணைதான் அந்த ரீமின் ஸ்கோரர். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதியவர். தொண்டர் வேண்டும் என்று அந்த ஊர் நூலகத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் போனார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று உடனே எடுத்துக்கொண்டார்கள்.

அதே நூலகத்தில் அன்று ரீமைப் பற்றி ஒரு சின்னக் கண்காட்சி. புத்தகங்களைக் கேட்டிருந்தார்கள்.

"கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்கள். இதில பயப்பிட என்ன அண்ணை இருக்கு?"

"எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பாங்கள் எண்டு உமக்குத் தெரியுமோ?"

தெரியாது. அவர் புத்தகங்களை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"கஜனும் வாறானாம்."

கஜன் அந்த ரீமில் இருந்த ஒரே தமிழன். பந்து வீசுபவன். அவனுக்காகவே தொலைவில் இருக்கும் அஜின்கோர்ட்டிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். கிரிக்கெட்டில் ஒருவர் கைக்கு வந்த பிடியைக் கோட்டை விட்டால் ஸ்கோர் புத்தகத்தில் அவர் பெயர் வராது. பேஸ்போல் அப்படியல்ல. சுலபமான பந்தைத் தவறவிட்டால் ஸ்கோரர் 'எரர்' என்று எழுத வேண்டும். ஸ்கோர் போர்டிலும் அது ஏறும். எரரால் வரும் ஓட்டங்கள் பந்து வீசியவனின் தலையில் விழாது. எரர் போடாமல் 'ஹிட்', அதாவது அடித்தவனின் திறமை, என்று எழுதினால்... முழுவதும் அவன் தலையில்தான்.

தவம் அண்ணை அநேகமாக எரர் போடுவதில்லை. இரண்டு கோடையிலும் அவர் போட்டவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த நாட்களில் பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் அவரைப் பற்றி எழுதினேன். 'ஒருவரையும் நோகடிக்காத ஸ்கோரர்' என்று தலைப்பு. அவர் அதை லாமினேற் செய்து வைத்திருந்தார்.

"கஜன்ரை கடைசி மட்ச்," என்றார் இப்போது. "ஏழாவது இன்னிங்ஸ். பந்து பிடிக்க நிண்ட டானியிட்டை மூண்டு பந்து போச்சுது. மூண்டையும் காலுக்குள்ளால விட்டிட்டான். மூண்டுக்கும் நான் ஹிட் எண்டு எழுதினன்."

"ஏன் அண்ணை?"

"டானியின்ரை தாய் எனக்கு முன் வரிசையில இருந்தவ." பிறகு குரல் இறங்கியது. "அதோட கஜன் எங்கட பொடியன். தன்ரை ஆளைக் காப்பாத்த வெள்ளைக்காரப் பொடியனிலை பழியைப் போட்டிட்டான் எண்டு என்னைச் சொல்ல மாட்டாங்களோ?"

அவர்கள் ஆடியதைவிடப் பெரிய லீக் ஒன்றிலிருந்து ஒருவர் கஜனைப் பார்க்க வருவதாக இருந்தது. அந்த மட்சின் எண்களைப் பார்த்துவிட்டு வரவில்லை. அடுத்த வாரம் ரீமும் அவனை விட்டுவிட்டது.

நமக்கு எங்கே ஒரு சின்னப் பொறுப்புக் கிடைத்தாலும் நாம் நடுநிலையானவர்கள் என்று காட்ட முதலில் யாரில் கை வைக்கிறோம்? நம் ஆளில்தான். இன்ரர்வியூ அறையில் பார்த்திருக்கிறேன். பாடசாலைக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். செய்தும் இருக்கிறேன்.

"இண்டைக்கு அவனிட்டைச் சொல்லப் போறன்," என்று சட்டைப் பையைத் தட்டினார். பென்சில். அழிறப்பர். "அவனுக்கு முன்னாலேயே மாத்தி எழுதப் போறன்."

நூலகத்தின் கீழ்த்தளம். மடக்குக் கதிரைகள், மட்டைக் கோப்பையில் கோப்பி. வாசலிலேயே தவம் அண்ணை நின்றுவிட்டார்.

"டானியும் வந்திருக்கிறான்."

வந்திருந்தான். பழைய தொப்பியோடு, தோளில் ஐந்து வயது மகளோடு. பைக்குள் இருந்த அண்ணையின் கை வெளியே வந்தது — பென்சில் இல்லாமல்.

"அங்கிள்! ஸ்டில் அலைவ், ஆ?" கஜன் வந்து கட்டிப்பிடித்தான். தாடி வைத்திருந்தான். இப்போது வீடுகளில் குளிருக்குச் சூடேற்றும் ஃபேர்னஸ் பூட்டும் வேலை. "தாங்கோ, பாப்பம்."

பக்கங்களைப் புரட்டினான். தவம் அண்ணை அவனைப் பார்க்கவில்லை. அவன் விரலைப் பார்த்தார். விரல் நின்றது.

"திஸ் இஸ் மை லாஸ்ட் வன், ரைட்?"

"ஓம் தம்பி."

அவ்வளவுதான். டானி மகளை இறக்கிவிட்டு, குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தான். ஏழாவது கட்டத்தை நெடுநேரம் பார்த்தான்.

"அப்பா, உங்கள் பெயர் எங்கே?" என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இங்கே இல்லை," என்றான். "மூன்று தரம் இருந்திருக்க வேண்டும்."

பிறகு தவம் அண்ணையிடம் திரும்பி, பென்சில் இருக்கிறதா என்று கேட்டான்.

மூன்று இடங்களையும் டானியே அழித்தான். மூன்று முறை எரர் என்று தன் கையாலேயே எழுதினான். அசிங்கமான கையெழுத்து. அந்தப் புத்தகத்தில் அந்த மூன்று இடங்கள் மட்டும்தான் அப்படி.

கஜன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அண்ணையின் முதுகைத் தடவினான்.

"விடுங்கோ அங்கிள். எப்பிடியும் என்னைக் கட் பண்ணியிருப்பாங்கள்." தாடியைச் சொறிந்தான். "மேபி."

திரும்பி வரும்போது புத்தகங்கள் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள். தவம் அண்ணை சொல்லாமலே சீற் பெல்ற் போட்டார். கார் அவர் தெருவில் திரும்பியபோது கேட்டார்.

"மற்றப் பக்கங்களில நான் இப்பிடிக் கெடுத்த பொடியள் ஒருத்தரும் வரேல்லை, கவனிச்சனீரோ?"

கவனித்தேன். வீட்டுக்கு வந்ததும் என் பழைய பத்தியைத் தேடி எடுத்தேன். பத்திரிகைகளில் தவறு பெரிய எழுத்தில் வரும். திருத்தம் கடைசிப் பக்க மூலையில் வரும். இந்த வாரம் என் இடம் முழுவதையும் திருத்தத்துக்கே கொடுத்திருக்கிறேன்.

'ஒருவரையும் நோகடிக்காத ஸ்கோரர்' என்று எழுதியிருந்தேன் அல்லவா? எழுதுவதற்கு முன், பந்து வீசியவனை நான் கேட்கவில்லை.