தெலுங்கில் பிழைத்தவள்

எங்கள் ஊர்க் கூட்டத்தில் எதையும் இரண்டு முறை சொல்வார்கள். காது மந்தமானவர்கள் யாரும் இல்லை. நகரிக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸுக்குப் போகுமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பள்ளிக்கூடக் கொட்டகையில் புத்தகம் படிப்பார்கள். என் அப்பா, நைனா, ஒரு பத்தியைத் தமிழில் படிப்பார். எதிர்வீட்டு மாமா எழுந்து அதைத் தெலுங்கில் சொல்வார். பிறகு ஊரே கதையில் வருகிறவர்களுக்காக வழக்காடும். வந்து உட்கார்ந்த அத்தனை பேருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். ஆனாலும் ஒன்றில் மட்டும் சொல்லி நிறுத்தினால் மற்றவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று அப்படி ஓர் ஏற்பாடு.

நைனா மெட்ராஸ் கட்சி, மாமா ஆந்திரா கட்சி. வாரம் முழுக்க எங்கள் வாசலில் நின்று சண்டை போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். ஏழு வயதில் எனக்கு இதுவே புரியவில்லை.

அந்த வருஷம் படித்தது ஒரு பெரிய கதை. பயிர்த்தொழில் செய்யும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், அவளுக்கு விடாத இருமல் நோய். மாமாவின் மனைவிக்கும், அவரை நான் அத்தை என்பேன், அதே இருமல்தான். பெண்கள் பக்கம் சுவரில் சாய்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அத்தை கதை கேட்பார். புத்தகத்தை முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற வழக்கம் நைனாவுக்குக் கிடையாது. ஊரோடு சேர்ந்துதான் அவருக்கும் கதை தெரியவரும்.

அதனால்தான் ஒரு ஞாயிறு அவர் வசமாக மாட்டிக்கொண்டார். படித்துக்கொண்டே வந்தவரின் குரல் இறங்கியது. விடிவதற்குள் அவள் இறந்துவிட்டாள் என்று படித்து முடித்துக் குனிந்துகொண்டார். மாமா எழுந்தார். அத்தை சாய்ந்திருந்த சுவர்ப்பக்கம் பார்த்தார். பிறகு, விடிவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி கேட்டாள் என்று தெலுங்கில் சொன்னார்.

நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மாமா பாடு திண்டாட்டம். கதையில் அவள் புருஷன் வண்டிமாடு வாங்கப் போனதைப் பற்றி நைனா இரண்டு வரி படிப்பார். மாமா அந்த மாட்டுக்கு அவள் தண்ணீர் காட்டியது, வண்டியில் ஏறித் தாய்வீடு போனது என்று கால் மணி நேரம் சொல்வார். ஒரு சொல் பிசகினாலும் சண்டைக்குப் போகிற நைனா, விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். தமிழ்ப் பக்கம் அவள் செத்துவிட்டாள். தெலுங்குப் பக்கம் இருக்கிறாள். ஊர் மெட்ராஸுக்குப் போனால் அவள் கதி அவ்வளவுதான். இந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் எல்லைத் தகராறை விசாரிக்க ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். அன்று ஞாயிறு, ஊரே கொட்டகையில் இருந்தது. ஒவ்வொருவரும் தம் கட்சியைச் சொன்னார்கள். நைனா நீளமாகச் சொன்னார். அதிகாரி களைத்துப் போயோ என்னவோ, முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் விளையாட்டாகக் கேட்டார்.

"நீ சொல்லும்மா. எந்தப் பக்கம் இருக்கணும்?"

"ஆந்திராவுலயே இருக்கணும்."

மாமா கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். நைனாவின் முகம் செத்துப்போயிற்று.

"ஏன்?"

"அங்கதான் அவ பொழச்சிக்கினு கீறா. நைனா பக்கம் செத்துப்பூட்டா."

கைதட்டல் பாதியில் நின்றது. அதிகாரி, யாரு அவ, என்று இரண்டு பாஷையிலும் கேட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கொயந்த ஏதோ ஒளறுது சார்" என்று நைனா சொல்லி என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு நைனா என்னைப் பெஞ்சில் தன்னை ஒட்டி உட்காரவைத்துக்கொண்டு படித்தார். அவள் கிணற்றடிக்கு வந்தாள், அவளாகவே ஒரு குடம் தண்ணீர் சேந்திக்கொண்டு போனாள் என்றார். நான் எட்டிப் பார்த்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு அப்போது தெரியும். கிணறும் இல்லை, குடமும் இல்லை. பக்கம் முழுக்க நெல் அறுப்புதான் இருந்தது.

மாமா எழுந்தார். நைனாவையே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நைனா படித்ததை, கிணறு, குடம் ஒன்றும் விடாமல், இருமலுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தித் தெலுங்கில் சொல்லி முடித்தார்.

அத்தைக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்குப் புதிதா என்ன? தினமும் அம்மாவிடம் தமிழில்தானே பேசிக்கொண்டிருப்பார். அப்படியென்றால் அன்றைக்கு அவள் இறந்துவிட்டாள் என்று நைனா படித்தது அவர் காதிலும் விழுந்திருக்குமே என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. வீடு வரும்வரை எனக்கு அழுகையாக வந்தது, நைனாவுக்கு எழுத்து மறந்துபோய்விட்டதே என்று.