பக்கம் புரளாத மௌனம்

இத்தனை வருஷமும் அடுத்தவர் எழுதிய இசையைத்தான் அவள் நடத்திவந்தாள். வாத்தியக் குழுவுக்கு முன் நின்று தாளம் காட்டும் மெல்லிய கோல் எப்போதும் கையில் இருப்பதால் குழுவினர் வைத்த பெயர் குச்சியம்மா. சொந்தமாக எழுதி அனுப்பியதெல்லாம் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தது. அவளா சோர்கிறவள்! ஒன்று திரும்பினால் இன்னொன்றை எழுதுவாள். ஒருவழியாக இந்த வருஷம் அரங்க மேலாளர் இறங்கிவந்தார்.

அது அப்பாவுக்காக எழுதியது. நடுவில் மொத்தக் குழுவும் சட்டென்று நிற்கும். நீண்ட மௌனம். அப்பாவின் மூச்சு நின்ற நேரம் அது; மற்ற இசையெல்லாம் அதற்காகத்தான்.

ஒத்திகையில் மானம் போயிற்று. எல்லோரும் வாசிப்பை நிறுத்தினார்கள், அடுத்த நொடியே சரசரவென்று அத்தனை பேரும் தாளைப் புரட்டினார்கள். கை ஓய்ந்திருக்கும் இடத்தில் பக்கம் முடிய வேண்டும் என்பது இசைத்தாள் எழுதுகிறவர்களின் வழக்கம். அதன்படி அவளே எல்லார் தாளிலும் மௌனத்தைப் பக்கக் கடைசியில் வைத்திருந்தாள். நல்லது செய்யப்போய் வந்த வினை!

"அந்த இடத்தை வெட்டிடுங்கம்மா. இல்லேன்னா நாளைக்கு வேற ஏதாவது வாசிச்சுக்கலாம்" என்றார் மேலாளர்.

"வெட்டினா மிச்சம் என்ன சார் இருக்கு? சாயங்காலத்துக்குள்ள தாளை மாத்திடறேன்."

முதல் வயலின்காரருக்குக் கடுகு என்று பட்டப்பெயர். "கடைசி நேரத்துல தாளை மாத்தினா எப்படி? நாங்க என்ன மந்திரவாதியா?" என்று வெடித்தார்.

"வெடிச்சு முடிச்சாச்சுன்னா இந்தக் கத்தரிக்கோலைப் பிடிங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மௌனத்துக்கு அடுத்த இரண்டு வரிகளை நறுக்கி, முந்தின பக்கத்தின் அடியில் ஒட்டினார்கள். இனி வாசிப்பின் நடுவே, சத்தத்தோடு சத்தமாகத் தாள் புரளும். சாப்பாடு கொண்டுவந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சும்மா இருக்கறதுக்கா இவ்வளவு பாடு? நீ மறந்துட்டேன்னு நினைப்பாங்கடி."

"நினைச்சுக்கட்டும்மா."

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. அந்த இடம் வந்தது. குழு நின்றது. ஒரு தாளும் அசையவில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

தான் எழுதிவைத்த அளவு முடிந்து, மறுபடி வாசிக்கச் சொல்லிக் கோலை இறக்கப் போனாள். பின்னால் முதல் வரிசையில் ஒரு விம்மல். திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அம்மா.

மேடையின் ஓரத்தில் மேலாளர் தொடங்கச் சொல்லிக் கையைக் கையை ஆட்டினார். வில்லை நரம்பில் வைத்தபடி கடுகு அவளையே பார்த்தார். அவள் கோலை இறக்கவில்லை. கை கடுத்தது. கடுக்கட்டும் என்று நின்றாள்.

அம்மா அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திய பிறகுதான் கோல் இறங்கியது.