ஹனான் வீட்டில் எடுக்காத போட்டோ

அஸ்வானில் ஒரு வீட்டிலிருந்து எங்கள் குரூப்பையே வெளியே போகச் சொன்னார்கள். டூர் மேனேஜராக நான் வேலை பார்க்கும் இத்தனை காலத்தில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான். மதுரை டிராவல்ஸ் வட்டாரத்தில் இந்தக் கதை, 'ரெஜினா மேடம் கஸ்டமர்கிட்ட சண்டை போட்டுச்சு' என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நடந்ததைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எகிப்து டூரில் கெய்ரோ முடிந்து அஸ்வான் வந்தாலே எல்லோருக்கும் உடம்பு தளர்ந்துவிடும். அந்த ஊரில் யாருக்கும் அவசரம் கிடையாது. நைல் கரையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பாய்மரப் படகுகள் போவதும் வருவதுமாக இருக்கும். வைகையில் மணலைப் பார்த்தே பழகிய நம் ஆட்கள், "அடேயப்பா, எம்புட்டுத் தண்ணி!" என்று வாயைப் பிளப்பார்கள். காலையில் தீவுக் கோயில். நைலுக்குக் குறுக்கே அணை கட்டியபோது மூழ்காமல் இருக்க அதைக் கல் கல்லாகப் பிரித்து வேறு தீவில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் மேற்குக் கரையில் நூபியர் கிராமம்.

எங்கள் லோக்கல் கைடு ஹனான் அந்தக் கிராமத்துப் பெண். நூபியர்கள் எகிப்தின் தென்கோடியில் ஆற்றோரமாகக் காலங்காலமாக வாழ்ந்தவர்கள். கோயிலை இடம் மாற்ற வைத்த அதே அணைதான் அவர்கள் ஊர்களை முழுங்கியது. ஹனானின் அம்மா பிறந்த ஊர் இன்றும் அந்த அணையின் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. இதைப் படகில் வரும்போது ஹனான் ஆங்கிலத்தில் சொன்னாள், நான் தமிழில் சொன்னேன். கேட்டவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நீலச் சுவர் வீடு

கிராமத்தில் டூரிஸ்டுகளுக்கென்றே முதலை வளர்க்கிற வீடுகள் உண்டு. என் குரூப் என்றால் ஹனான் அங்கே போக மாட்டாள், தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவாள். நீலச் சுவர், முற்றத்தில் ஆற்று மணல், செம்பருத்தி டீ. அவள் தங்கை சமீரா பெண்களுக்கு மருதாணி வைப்பாள். சமீராவுக்கு ஆங்கிலம் வராது, சிரிப்பாள்.

குரூப்பில் தனபால் என்று ஒருத்தர். கப்பலூரில் பிளாஸ்டிக் கம்பெனி வைத்திருக்கிறார். கூட மனைவி, மகள் நித்யா. நித்யா நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாநிறத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பு. நானும் அதே நிறம்தான். சமீரா எங்களைவிடக் கறுப்பு.

சமீரா மருதாணி வைத்து முடித்து நித்யாவின் விரல்களைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள். தனபால் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நித்தி, அந்தப் புள்ள பக்கத்துல ஒட்டி நில்லு. அது தோள்ல கையப் போடு. அப்பத்தேன் நீ நல்ல கலராத் தெரிவ. மாப்ள வீட்டுக்கு இந்தப் போட்டோவ அனுப்பலாம்."

குரூப்பே சிரித்தது. அவர் மனைவியும் சிரித்தார். என்ன ஏதென்று தெரியாமல் சமீராவும் கூடச் சேர்ந்து சிரித்து, தானாகவே நித்யாவின் தோளில் கையைப் போட்டு போட்டோவுக்கு நின்றாள். அவள் அப்படி நின்றதைப் பார்த்ததும் என் உடம்பெல்லாம் எரிந்தது.

நான் போய் கேமராவை மறைத்து நின்றேன். "அண்ணே, எடுக்காதீங்க."

"ஏம்மா, வெளையாட்டுக்குச் சொன்னா உனக்கு என்ன?"

"வெளையாட்டுன்னா நீங்க போயி நில்லுங்க. உங்களையும் கலராக் காட்டும்."

அவர் முகம் மாறிவிட்டது. "நாங்க டூர் வந்தவுக. நீ எங்களக் கூட்டிட்டு வந்த ஆளு. அந்த நெனப்புல பேசு."

சத்தம் கேட்டு ஹனான் டீத் தட்டோடு வந்தாள். என்ன பிரச்சினை என்று என்னிடம் கேட்டாள். எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் நித்யா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். அப்பா சொன்னதில் ஒரு வார்த்தையைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஹனான் தட்டைக் கீழே வைத்தாள். தங்கையிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். சமீரா நித்யாவின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இது எங்க அம்மா வீடு. எல்லாரும் எழுந்து போங்க," என்றாள் ஹனான்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம்.

படகிலும் பஸ்ஸிலும்

திரும்பும் படகில் தனபாலை ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள். "மேடம், நீங்க கண்டுக்காம விட்டிருக்கலாம்ல?" "நம்ம ஆள இப்படி அடுத்தவுக முன்னாடி விட்டுக்குடுக்கலாமா?" அவர் சொன்னது அந்த வீட்டுப் பெண்ணுக்கு இழிவு, பெற்ற மகளுக்கும் இழிவு. அது யாருக்கும் உறுத்தவில்லை.

நித்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தனபால் அங்கிருந்தே, "உன் நல்லதுக்குத்தேன சொன்னேன்," என்றார்.

"கல்யாணம் வேணாம்னு நான் சொல்லலப்பா. அந்தப் போட்டோவப் பாத்துட்டு வாரவன் வேணாம்," என்றாள்.

மறுநாள் காலையில் மதுரையிலிருந்து முதலாளி கூப்பிட்டார். "ரெஜினா, அவரு பெரிய பார்ட்டி. பஸ்ல மைக்கப் புடிச்சு ஒரு சாரி சொல்லு, முடிஞ்சிரும்."

மைக்கைப் பிடித்தேன். "நேத்து நடந்ததுக்கு ஹனான்கிட்ட நான் சாரி கேட்டுட்டேன். அவங்க ஏத்துக்கல. ஏத்துக்காதது ஞாயந்தான். இந்த பஸ்ல நான் சாரி கேக்க வேண்டிய ஆளு யாரும் இல்ல."

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "மேடம், டிபனுக்கு எங்க நிப்பாட்டுவாக?"

ஊருக்குத் திரும்பியதும் என்னை வெளிநாட்டு டூரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ராமேஸ்வரம், கொடைக்கானல் என்று வேனில் அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியை விட்டேன். இப்போது வேறொரு இடத்தில் பார்க்கிறேன், அஸ்வானுக்கும் போகிறேன். ஹனான் வருவதில்லை, எனக்கு வேறு கைடை அனுப்புவாள். தன் அம்மா வீட்டுக்கு மட்டும் எந்தக் குரூப்பையும் கூட்டிப்போவதில்லை. என்னையும் கூப்பிடவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு டிரெயினிங்கில் முதலில் சொல்லித்தருவது, கஸ்டமர் மனசு கோணக்கூடாது என்பது. டிக்கெட், ரூம், சாப்பாடு வரைக்கும் அது சரி. அடுத்தவர் வீட்டுப் படியை மிதித்த பிறகு, அந்த வீட்டுக்காரர் மனசு கோணக்கூடாது என்பதுதான் உங்கள் வேலை. அதற்காகச் சண்டை போட வேண்டி வந்தால் போடுங்கள். படகில் உங்கள் பக்கம் பேச ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், அதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

இன்னுமா கோபம் ஆறவில்லை என்று என்னைக் கேட்கிறார்கள். ஆறவில்லை. அது ஆற வேண்டிய கோபம் இல்லை.